ஒன்றரை சென்டிமீட்டர் குறை

அந்த நாளிதழில், ஒரு தொலைக்காட்சித் தொடர் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது செவ்வாய்க்கிழமை காலையில் முடிவாகிவிடும். தொடரை விமர்சகர்களுக்குப் போட்டுக் காட்டுவது செவ்வாய்க்கிழமை மாலையில். இதில் யாருக்கும் எந்தச் சங்கடமும் இருந்ததில்லை. நட்சத்திரங்கள் வண்ணத்தில் அச்சாகும். வண்ணப் பக்கம் செவ்வாய் மதியமே அச்சகத்துக்குப் போயாக வேண்டும். எழுத்து வெறும் கறுப்பு மைதானே, அது புதன்கிழமை வரை தாங்கும். ஆகவே நட்சத்திரம் முன்னால், காரணம் பின்னால். பதினாறு வருடமாக அப்படித்தான் நடந்துவந்தது.

அந்தப் பதினாறு வருடமும் காரணம் எழுதியவர் நம்முடைய விமர்சகர். அதிகம் பேசாத மனிதர். ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் கேட்டவர் தேநீரைக் குடித்து முடித்துவிடலாம். அலுவலகத்தில் அதை ஆழம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவரும் மறுக்கவில்லை. மறுப்பதற்கும் பேச வேண்டியிருந்தது.

அந்த வாரம் வந்தது ஒரு தேர்தலைப் பற்றிய எட்டுப் பகுதித் தொடர். இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்த தேர்தல். அதில் உண்மையில் ஜெயித்தது யார் என்று நாட்டில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பாதிக்கும் தெரியும். இரண்டு பாதிக்கும் தெரிந்த ஆள்தான் வேறு வேறு.

விமர்சகருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். அவருடைய அக்கா அந்தத் தேர்தலில் ஒரு வாக்கு எண்ணும் மேசைக்கு எழுத்தராகப் போனாள். பதிவேட்டில் வாக்களித்ததாகக் கையெழுத்துப் போட்டிருந்தவர்கள் எழுநூற்றுப் பன்னிரண்டு பேர். பெட்டியில் இருந்த சீட்டுகள் எழுநூற்றுத் தொண்ணூறு. மேற்பார்வையாளர் முடிவுத் தாளை நீட்டியபோது, அக்கா பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மறுவாரம் அவளைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். துறையின் குற்றச்சாட்டு வேறு மாதிரி இருந்தது. எழுத்தருக்கு உடம்பு சரியில்லாமல் போனதாம், சொல்லாமல் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாராம், கையெழுத்துப் போட மறந்துவிட்டு, பிறகு மறுத்ததாகக் கதை கட்டினாராம். அவள் மறுத்தாள் என்று ஒப்புக்கொண்டால் ஏன் மறுத்தாள் என்று கேட்க வேண்டிவரும் அல்லவா. அடுத்த மாதம் பதினான்காம் தேதி விசாரணை. கதை கட்டினாள் என்று முடிவானால் இருபத்திரண்டு வருட வேலை போய்விடும்.

இது அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. விமர்சகர் சொன்னதில்லை. யாரும் கேட்டதில்லை என்பது அவருக்கு வசதியாக இருந்தது.

செவ்வாய்க் காலை நட்சத்திரக் கூட்டம் கூடியது. தலைமை, பகுதி ஆசிரியர். எதிலும் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்பவர் என்பதால் அவருக்குத் தராசு என்று பெயர். அவருக்கும் அது தெரியும், கொஞ்சம் பெருமையும் உண்டு.

"இது கத்தி மேல நடக்கிற விஷயம்," என்றார் தராசு. "நம்ம வாசகர்கள்ல பாதிப் பேர் தேர்தல் திருடப்பட்டதுன்னு நம்பறாங்க. பாதிப் பேர் சுத்தமா நடந்ததுன்னு நம்பறாங்க. அஞ்சு நட்சத்திரத்துல பாதி எவ்வளவு?"

"ரெண்டரை," என்றார் விளம்பர மேலாளர்.

"அப்போ ரெண்டரை. இதுல விவாதிக்க ஒண்ணுமே இல்லை."

பிறகு ஒன்றே முக்கால் மணி நேரம் விவாதித்தார்கள். சிக்கலைக் கிளப்பியவர் பக்க வடிவமைப்பாளர். அரை நட்சத்திரத்தில் எந்தப் பாதிக்குப் பொன்னிறம் கொடுப்பது என்று அவர் வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டார். இடது பாதிக்குக் கொடுத்தால், அவையில் இடது பக்கம் உட்காரும் கட்சிக்குச் சாதகம் என்பார்கள். வலது பாதிக்குக் கொடுத்தால் மற்றவர்கள் வரிந்துகட்டிக்கொண்டு வருவார்கள். மேல் பாதிக்குக் கொடுக்கலாமே என்றார் ஒருவர். மேலிடத்துக்கு ஜால்ரா அடித்ததாகும் என்றார் தராசு. கீழ்ப் பாதிக்கு? மக்களைத் தூண்டிவிடுகிறோம் என்று வழக்கு வரும். கடைசியில் முழு நட்சத்திரத்துக்கும் பாதி நிறம் கொடுப்பது என்று முடிவானது. அச்சில் அது மஞ்சள் காமாலை கண்டது போல இருந்தது. மை தீர்ந்துவிட்டதா என்று கேட்டுப் பதினேழு வாசகர்கள் தொலைபேசியில் கூப்பிட்டார்கள்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று தராசு விமர்சகரைக் கேட்டார்.

விமர்சகர் ஜன்னலைப் பார்த்தார். இதை நான் எழுதக் கூடாது, வேறு யாராவது எழுதட்டும் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தார். அந்த வாக்கியத்துக்கு எந்தச் சொல்லில் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே தராசு, "அவர் யோசிக்கிறதே நமக்குப் போதும்," என்று கூட்டத்தை முடித்துவிட்டார்.

கூட்டம் முடிந்ததும் ஒரு படிவம் வந்தது. இந்தத் தொடரில் இடம்பெறும் எவருக்கும் தங்களுக்கும் உறவு உண்டா? ஆம், இல்லை என இரண்டு கட்டங்கள். விமர்சகர் நெடுநேரம் பார்த்தார். கையெழுத்துப் போடாத எழுத்தர் ஒருத்தி தொடரில் வருவதை அவர் முன்னோட்டத்தில் பார்த்திருந்தார். தொடரின் தொடக்கத்தில், இதில் வரும் பாத்திரங்கள் அனைவரும் கற்பனையே என்று போடுவார்கள். கற்பனைப் பாத்திரத்துக்கு எப்படித் தம்பி இருக்க முடியும்? இந்த யோசனை வந்தபோது மனசு லேசாயிற்று. 'இல்லை' கட்டத்தில் குறி போட்டார். லேசானதை நினைத்துச் சற்று வெட்கமும் பட்டார். ஆனால் குறி போட்டது போட்டதுதான்.

மாலையில் அலைவரிசை அலுவலகத்தின் சின்ன அரங்கில் எட்டுப் பகுதியையும் விடாமல் காட்டினார்கள். விமர்சகர்கள் எட்டுப் பேர் வந்திருந்தார்கள். மூன்றாம் பகுதியில் இரண்டு பேர் தூங்கினார்கள். அவர்கள் வேலையும் கெடவில்லை. அவர்களுடைய நட்சத்திரமும் மதியமே அச்சுக்குப் போயிருந்தது.

ஐந்தாம் பகுதியில் ஒரு மண்டபம் வந்தது. நீள மேசைகள், தகரப் பெட்டிகள், ரப்பர் பட்டை போட்ட சீட்டுக் கட்டுகள். ஒரு மேசையில் ஒரு பெண் எழுத்தர். மேற்பார்வையாளர் தாளை அவள் முன்னால் நகர்த்துகிறார். அவள் எண்களைப் பார்க்கிறாள். இன்னொரு முறை பார்க்கிறாள். பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொள்கிறாள். நடிகை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அக்கா அன்றைக்கு அப்படி உட்காரவில்லை என்று விமர்சகருக்குத் தெரியும். "தலையைத் தூக்கவே இல்லைடா. யாராவது முகத்தைப் பாத்துடுவாங்களோன்னு பயந்து குனிஞ்சே உக்காந்திருந்தேன்," என்று சொல்லியிருக்கிறாள். அதைத் தவிர எல்லாம் சரியாக இருந்தது. தேர்தல் வழக்கின் நீதிமன்றக் காகிதங்களைப் படித்து எழுதியிருப்பார்கள் போல. இருட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்து இருக்கைக்காரர் ஜலதோஷமா என்று கேட்டார். ஆமாம் என்றார்.

புதன்கிழமை எழுதினார். நன்றாகவே எழுதினார். ஒளிப்பதிவைப் பாராட்டினார், மண்டபத்தின் ஓசைகளைப் பாராட்டினார். பின்னணி இசை அழுத்துகிறது என்றார், ஏழாம் பகுதி இழுக்கிறது என்றார். அந்த எழுத்தரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. பாராட்டினால் தம்பி பாராட்டியதாகிவிடும். திட்ட மனசு வரவில்லை. மௌனமே நாணயம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இனி அந்த நாளிதழின் அளவுகோலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டரை நட்சத்திரம் வாங்கிய எதற்கும் பாராட்டும் குறையும் ஒரே நீளத்தில் இருந்தாக வேண்டும். அதை அளப்பதற்கென்றே ஓர் உதவி ஆசிரியை, எஃகு அளவுகோலுடன் இருந்தாள். பத்தியை அச்சுப்படியாக எடுத்து, பாராட்டை நீல மையாலும் குறையைச் சிவப்பு மையாலும் கோடிட்டு, மேலிருந்து கீழாக அளப்பாள். அவளிடம் பொய் சொல்ல முடியாது.

"சார், பாராட்டு பத்தொன்பது. குறை பதினேழரை," என்று வந்து நின்றாள்.

"ஒன்றரைதானே."

"ஒன்றரைன்னா நாலு வரி சார். போன மாசம் முக்கால் சென்டிமீட்டருக்கே அந்தக் கட்சி அலுவலகத்துலேருந்து ஆள் வந்தாங்க. அவங்களே ஸ்கேல் கொண்டுவந்தாங்க."

"பாராட்டுல கொஞ்சம் வெட்டிடலாமே."

"பத்தி மொத்தம் முப்பத்தெட்டு வரணும். கீழ மெத்தை விளம்பரம் இருக்கு."

தராசு அறைக் கதவிலிருந்து எட்டிப் பார்த்தார். "அந்த எழுத்தர் காட்சியைப் பத்தி நீங்க ஒண்ணுமே சொல்லலையே. முன்னோட்டத்துல பார்த்துட்டு ஊர் முழுக்க அதைத்தான் பேசுது. அதுல ஏதாவது குறை இருக்கும் பாருங்க. இல்லாம போகாது."

விமர்சகர் நாற்காலியில் உட்கார்ந்தார். உதவி ஆசிரியை அளவுகோலைப் பிடித்தபடி நின்றாள். அச்சகத்திலிருந்து இரண்டு முறை தொலைபேசி அடித்தது. மறுப்பதற்கு ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது. ஒப்புக்கொள்வதற்கு நாலு வரிதான் வேண்டியிருந்தது. அவர் எழுதிப் பழகியவர், பேசிப் பழகியவர் இல்லை. எழுதினார்:

'கையெழுத்திட மறுக்கும் எழுத்தர் பாத்திரம் நம்பும்படியாக இல்லை. அப்படியொரு தருணத்தில், நீட்டிய தாளில் எந்தச் சாதாரண மனிதரும் கையெழுத்துப் போட்டுவிடுவார். மனித இயல்பை அறிந்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். பேனாவைப் பையில் போடும் சைகை, கதாசிரியரின் ஆசையே தவிர வாழ்க்கை அல்ல.'

உதவி ஆசிரியை அளந்தாள். "சரியா ஒன்றரை, சார்," என்றாள். அவள் குரலில் உண்மையான மரியாதை இருந்தது.

வெள்ளிக்கிழமை மதிப்புரை பத்திரிகையில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் அக்கா வீட்டுக்குப் போனார். போகாமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்பாள். அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

அத்தான் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து யாருடைய கால்சட்டைக்கோ இடுப்பைத் தளர்த்திக்கொண்டிருந்தார். "வாங்க, மனித இயல்பை அறிந்தவரே," என்றார். இயந்திரத்தை வேகமாக மிதித்தார்.

அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். பத்திரிகை மேசையில் மடித்துக் கிடந்தது, அந்தப் பக்கம் மேலே தெரியும்படி.

"எதுக்குடா அப்படி எழுதினே?"

அவர் தேநீரைப் பார்த்தார்.

"கேக்கறேன்ல."

"ஒன்றரை சென்டிமீட்டர் குறைஞ்சுது அக்கா."

"எது குறைஞ்சுது?"

"குறை."

அக்கா பத்திரிகையை அவர் பக்கம் நகர்த்தினாள். "நான் கையெழுத்துப் போடலைன்னு நீ நம்பறியா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"நம்பறேன்."

"அப்புறம் நம்பும்படி இல்லைன்னு யாருக்காக எழுதினே?"

இயந்திரம் நின்றுவிட்டது. அத்தானும் பதிலுக்காகக் காத்திருந்தார். வெளியே யாரோ சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பதினாலாம் தேதி துணைக்கு ஒரு உறவுக்காரரைக் கூட்டிவரலாம்னு நோட்டீஸ்ல போட்டிருக்கு," என்றாள் அக்கா கடைசியில். "இவருக்குக் கோபம் வந்துடும். நீ வரியா? நீ பேச வேண்டாம். சும்மா உக்காந்திருந்தா போதும்."

வருகிறேன் என்றார். அவளுக்கு அவர்மேல் கோபம் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பார்.

இதற்கிடையே அந்த நாலு வரி ஊரில் புகழ் பெறத் தொடங்கியது. பதினாறு வருடமாக அவர் எழுதிய எதையும் யாரும் இரண்டாம் முறை படித்ததில்லை. இப்போது மற்றப் பத்திரிகைகளின் விமர்சகர்கள், அடுத்த வாரம் எழுதியவர்கள், எல்லாரும் அந்த எழுத்தரை நம்ப முடியவில்லை என்றார்கள். ஒருவர் அவளைக் 'காகிதப் பெண்' என்றார். இன்னொருவர், தம் முப்பது வருட அனுபவத்தில் கையெழுத்துப் போடாத எழுத்தரைக் கண்டதில்லை என்றார். ஆக மொத்தம் ஏழு மதிப்புரைகள். தொடரில் வந்த கள்ள ஓட்டு, காணாமல் போன பெட்டி, அணைந்த விளக்கு எல்லாவற்றையும் ஏழு பேரும் நம்பினார்கள். ஒரு பெண் பேனாவை மூடியதை மட்டும்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

திறனாய்வாளர் மன்றத்தின் ஆண்டுக் கூட்டம் அந்த மாதக் கடைசியில் வந்தது. சிறந்த தொடரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம். மன்றத் தலைவர் வெல்வெட் மேலங்கி போட்டுக்கொண்டு எழுந்தார்.

"நண்பர்களே, ஒரு விஷயம் நடந்ததா நடக்கலையான்னு பாக்கிறது நீதிமன்றத்தோட வேலை. நமக்கு அது கீழான வேலை. அதை நம்பலாமா கூடாதான்னு சொல்றது மட்டும்தான் நம்ம வேலை. நான் இந்தத் துறைக்கு வந்து நாற்பது வருஷம் ஆச்சு. நடந்த விஷயம் எதையும் நான் இதுவரைக்கும் நம்பினதில்லை. அந்த ஒழுக்கத்தை இந்த வருஷம் காப்பாத்தினவர் இதோ உக்காந்திருக்கார். நாலே வரியில ஒரு தேர்தல் பிரச்சினையை அழகியல் பிரச்சினையா மாத்திட்டார்."

கைதட்டினார்கள். விமர்சகர் குனிந்து செருப்பைப் பார்த்தார். அடக்கம் என்று அதற்கும் கைதட்டினார்கள். அந்த அடக்கத்துக்குப் பரிசாக, வாக்குகளை எண்ணும் பொறுப்பை ஒருமனதாக அவரிடம் கொடுத்தார்கள்.

மன்றத்தில் உறுப்பினர்கள் பதினோரு பேர். அன்றைக்கு வந்திருந்தவர்கள் எட்டுப் பேர். பூட்டுப் போட்ட மரப்பெட்டி ஒன்றில் எட்டுப் பேரும் மடித்த சீட்டைப் போட்டார்கள். விமர்சகர் பெட்டியைத் திறந்து மேசைமேல் கொட்டி எண்ணினார். பதின்மூன்று சீட்டுகள் இருந்தன.

இன்னொரு முறை எண்ணினார். பதின்மூன்று. இரண்டு இரண்டாகச் சேர்த்து வைத்துப் பார்த்தார். ஆறு ஜோடி, கடைசியில் ஒன்று தனியாக நின்றது. தேர்தல் தொடருக்கு நாலு. ஒரு குதிரைப் பண்ணையைப் பற்றிய தொடருக்கு ஒன்பது. குதிரைத் தொடருக்குத் தலைவர்தான் இலக்கிய ஆலோசகர் என்பது ஊரறிந்த விஷயம்.

"தலைவரே," என்றார் விமர்சகர் மெதுவாக. "எட்டுப் பேர்தான் இருக்கோம்."

"ஆமா."

"பதிமூணு சீட்டு இருக்கு."

தலைவர் கொஞ்சமும் பதறவில்லை. "வராதவங்க மூணு பேரோட உணர்வையும் மதிக்கணும் இல்லையா," என்றார்.

"அதோட சேர்த்தாலும் பதினொண்ணுதான்."

"மறைந்த உறுப்பினர்கள் ரெண்டு பேர். நம்ம மன்றம் யாரையும் மறக்கிறதில்லை." முடிவுத் தாளை அவர் முன்னால் நகர்த்தினார். "கீழ ஒரு கையெழுத்து. சாப்பாடு ஆறிடுது."

மற்ற ஏழு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் மிரட்டல் எதுவும் இல்லை. பசிதான் இருந்தது. விமர்சகருக்கு அப்போது அக்கா நினைவு வந்தது என்று சொன்னால் அவரைக் கொஞ்சம் உயர்த்திச் சொன்னதாகும். வரவில்லை. தாளின் ஓரம் கசங்கியிருக்கிறதே, நிமிர்த்த வேண்டுமே என்றுதான் நினைத்தார். நிமிர்த்தினார். கையெழுத்துப் போட்டார். இரண்டு விநாடிகூட ஆகவில்லை. பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். சாப்பாடு ஆறியிருக்கவில்லை என்பதை பந்தியில் உட்கார்ந்தபோது பார்த்தார்.

பதினான்காம் தேதி அக்காவுடன் விசாரணைக்குப் போனார். மூன்றாம் மாடி, கோப்புகளின் தூசி வாசனை, மின்விசிறிக்குக் கீழே காகிதங்கள் பறக்காமல் கல் வைத்த மேசை. விசாரணை அதிகாரி தன்மையாகப் பேசுபவர். ஒரு பெண் தட்டச்சு இயந்திரத்துடன் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். துறையின் ஆவணங்களை அதிகாரி வாசித்தார். ஒன்று, குற்றச்சாட்டுக் குறிப்பு. இரண்டு, கையெழுத்தில்லாத முடிவுத் தாள். மூன்று, மேற்பார்வையாளரின் வாக்குமூலம். நான்கு, தொலைக்காட்சித் திறனாய்வுகள், ஏழு எண்ணிக்கை.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் அந்தத் தொடரைப் பார்க்கலைம்மா," என்றார் அதிகாரி. "பார்க்கவும் மாட்டேன். என் மனசு ஒரு பக்கமா சாஞ்சிடக் கூடாது. அதனால விமர்சனங்களை மட்டும் படிச்சேன். ஏழு பேர். ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமில்லாதவங்க. ஏழு பேரும் ஒரே மாதிரி, அப்படி ஒரு எழுத்தர் இருக்கவே முடியாதுன்னு சொல்றாங்க. நீங்கதான் அந்த எழுத்தர்ங்கறீங்க. இருக்கவே முடியாத ஒருத்தரை நான் எப்படிம்மா வேலையில திரும்பச் சேர்க்கிறது?"

"சார், நான் இங்க உக்காந்திருக்கேன்," என்றாள் அக்கா.

"அது வருகைப் பதிவு. அதை நான் மறுக்கலை."

விமர்சகர் எழுந்தார். எழுந்த பிறகுதான் எழுந்ததே தெரிந்தது. அக்கா அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். வேண்டாம், உட்கார் என்று அர்த்தம். பதினாறு வருடத்தில் முதல்முறையாக அவர் யோசிக்காமல் பேசினார்.

"சார், அந்த ஏழுல முதலாவதை எழுதினது நான்தான். இவங்க என் அக்கா. நான் எழுதினது தப்பு."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது. "நீங்களா அது? உங்க எழுத்தைப் பல வருஷமா படிக்கிறேன். உக்காருங்க. அம்மா, எழுதிக்குங்க, விமர்சகர் நேரில் ஆஜர்."

தட்டச்சு இயந்திரம் பேசியது.

"அந்த வரிகள் உங்களுடையதுதானா?"

"என்னுடையதுதான். ஆனா அது அளவுக்காக எழுதினது. அக்கா அப்படிப்பட்டவங்கதான். நான்தான் அப்படிப்பட்டவன் இல்லை."

"அப்படின்னா? அந்த மேசையில நீங்க உக்காந்திருந்தா?"

இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர் அன்றைக்கு உண்மையைத்தான் சொல்வது என்று எழுந்திருந்தார். அதுதான் வினையாயிற்று.

"போட்டிருப்பேன், சார். போட்டேன். போன மாசம் எங்க மன்றத்துல எட்டுப் பேருக்குப் பதிமூணு சீட்டு வந்துது. எண்ணினவன் நான். தெரிஞ்சே கையெழுத்துப் போட்டேன். அதனாலதான் சொல்றேன், அது எவ்வளவு சுலபம்னு எனக்குத் தெரியும். போடாம இருக்கிறதுக்கு என்ன வேணும்னும் இப்போ தெரியும். அது எங்கிட்ட இல்லை. இவங்ககிட்ட இருந்துது."

தட்டச்சு செய்யும் பெண் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். அதிகாரி நிதானமாகச் சொல்லத் தொடங்கினார். "எழுதிக்குங்கம்மா. சாட்சி, தம் மதிப்புரையைத் தாமே எழுதியதாக ஒப்புக்கொள்கிறார். முடிவுத் தாளை நீட்டினால் சாதாரண மனிதர் கையெழுத்திட்டுவிடுவார் என்று எழுதியதை, தம் சொந்த அனுபவத்தின் மூலம் உறுதி செய்கிறார்."

"சார், நான் சொன்னது அது இல்லை," என்றார் விமர்சகர்.

"இதுல எந்த வார்த்தை தப்பு, சொல்லுங்க. திருத்திடறேன்."

விமர்சகர் வாயைத் திறந்தார்.

"அவன் போட்டதைத் தப்புன்னும் சொல்றான் சார்," என்றாள் அக்கா. "அதையும் எழுதுங்க."

"தப்புங்கறது அவரோட கருத்தும்மா. போட்டதுதான் செய்தி. இங்க செய்தியை மட்டும்தான் பதிவு பண்ண முடியும்." அதிகாரியின் குரல் கனிந்தது. "நீங்களே யோசிச்சுப் பாருங்க. உங்க தம்பி படிச்சவர், பேர் உள்ளவர். மேலதிகாரி கிடையாது, போலீஸ் கிடையாது, வேலை போயிடும்னு பயம் கிடையாது. சாப்பாடு மட்டும்தான் காத்திருந்திருக்கு. அப்பவே போட்டுட்டார். ஒரே வயித்துல பிறந்த நீங்க, அவ்வளவு பேர் சுத்தி நிக்கிறப்ப போடலைன்னா, யாரும்மா நம்புவாங்க?"

அக்காவுக்குப் பதில் இல்லாமல் இல்லை. அதைச் சொன்னால் தம்பியைத் தூக்கித் தெருவில் போட்டதாகும் என்று பேசாமல் இருந்தாள். விமர்சகருக்கு அது புரிந்தது. அந்த அறையில் அவருக்குப் புரிந்த கடைசி விஷயமும் அதுதான்.

தட்டச்சான தாளை அவரிடம் கொடுத்தார்கள். வரி வரியாகப் படித்தார். ஒரு பொய்யாவது இருக்காதா, அதைப் பிடித்துக்கொண்டு மறுக்க முடியாதா என்று தேடிப் படித்தார். எட்டுப் பேர் என்று சரியாக இருந்தது. பதின்மூன்று சீட்டுகள் என்று சரியாக இருந்தது. தெரிந்தே கையெழுத்திட்டதாகவும் இருந்தது. அவருடைய வாழ்க்கையில் அவரைப் பற்றி இவ்வளவு பிழையில்லாமல் யாரும் எழுதியதில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

முடிவு தபாலில் வரும் என்றார் அதிகாரி. வாசல்வரை வந்து வழியனுப்பினார். ஏழாம் பகுதி கொஞ்சம் இழுக்கிறது என்று அவர் எழுதியிருந்தது மிகச் சரியான கணிப்பு என்றும் சொன்னார்.

மூன்று மாடியையும் அக்காவும் தம்பியும் இறங்கினார்கள். பேருந்து நிறுத்தத்தில் நிழல் குறைவாக இருந்தது. அக்கா தன் விசாரணைக் காகிதங்கள் இருந்த கோப்பை நெற்றிக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்க மன்றம் மறுபடி எப்போ கூடுது?" என்று கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை. பரிசு கொடுக்கிற கூட்டம்."

"இங்க சொன்னதை அங்க போய்ச் சொல்லு."

அவர் சாலையைப் பார்த்தார். ஒரு சரக்கு வண்டி போயிற்று. அதன் பின்னால் இன்னொன்று. அக்கா அவசரப்படுத்தவில்லை. அவருக்குப் பதில் வர நேரமாகும் என்று சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தெரியும். வழக்கமாக அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிட அதிகமாகவே காத்திருந்தாள். பேருந்து வந்துவிட்டது.

அக்கா முன்னால் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் கோப்பை வைத்து அவருக்கு இடம் பிடித்தாள். அவர் ஒரு காலைப் படியில் வைத்தவர், அந்தக் கோப்பைப் பார்த்ததும் காலைக் கீழே எடுத்தார்.

"ஆபீஸ்ல கொஞ்சம் வேலை இருக்கு அக்கா. நான் நடந்தே போயிடறேன்," என்றார் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று.

அன்றைக்கு அவர் விடுமுறை எடுத்திருந்தார். அது அக்காவுக்கும் தெரியும்.

அவள் தலையாட்டினாள். கோப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பின்னால் ஏறிய ஒரு பெண், காலியான இருக்கையைக் காட்டி, யாராவது வருகிறார்களா என்று கேட்டாள்.

"உக்காருங்க," என்றாள் அக்கா. "யாரும் வரலை."